பீரோவில் தூங்கும் டி.எஸ்.எல்.ஆர்... புது கேமரா வாங்கும் முன் ஒரு நிமிஷம்!

திருச்சியிலிருந்து ஒரு வாசகி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அதை அப்படியே எழுத்தில் தருகிறேன்.

"தம்பி, அடுத்த மாசம் எங்க அப்பாவுக்கு சதாபிஷேகம். வீட்டு ஆளுங்களே போட்டோ எடுக்கலாம்னு இருக்கோம். காலேஜ் போற பையன் 75 ஆயிரத்துக்கு மிரர்லெஸ் கேமரா வேணும்ங்கிறான். 2014-ல வாங்கின கேனான் 1200டி ஒண்ணு பீரோவுல சும்மா கிடக்கு. அதுல எடுத்தா நல்லா வராதுன்னு சொல்றான். போன்லயே இதைவிட நல்லா வருதாம். நிஜமா?"

பாதி நிஜம் மேடம். அந்த மீதிப் பாதிதான் உங்களுக்கு 60 ஆயிரத்துக்கு மேல் மிச்சம் பிடித்துத் தரப்போகிறது.

உங்கள் வீட்டில் மட்டுமல்ல, பல வீட்டு பீரோக்களிலும் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பை இருக்கும். 2010-லிருந்து 2018 வரை ஆசை ஆசையாக வாங்கியது. குழந்தையின் முதல் பிறந்தநாள், ஊட்டி டூர், ஒரு கல்யாணம். அதற்குள் நல்ல கேமராவோடு போன்கள் வந்துவிட்டன. கேமரா பைக்குள் போனது போனதுதான்.

பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறதா?

இருக்கிறது. போன் ஒரே கிளிக்கில் பல படங்களை எடுத்து, அவற்றைச் சேர்த்து, இருட்டைத் தூக்கி, வெளிச்சத்தை அடக்கி, ஒரே படமாகத் தருகிறது. பழைய டி.எஸ்.எல்.ஆர் இந்த வேலை எதையும் செய்யாது. லென்ஸ் வழியாக என்ன வந்ததோ அதைத்தான் பதியும். அந்த லென்ஸ், கேமராவோடு சேர்த்துக் கொடுத்த 18-55 கிட் லென்ஸாக இருந்தால் வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் அது திணறும். மங்கலான, ஆடிப்போன படம் வரும். ஆட்டோ மோடில் வைத்தால் டப்பென்று ஃப்ளாஷ் தூக்கிக்கொண்டு எல்லோர் முகத்திலும் எண்ணெய் வழிய வைக்கும். அதைப் பார்த்துத்தான் பையன் 'கேமரா சரியில்லை' என்கிறான்.

கேமரா சரியாகத்தான் இருக்கிறது. 1200டி-யின் சென்சார் 22.3 மி.மீ. நீளம், 14.9 மி.மீ. அகலம். நல்ல விலையுள்ள போனின் மெயின் கேமரா சென்சாரைக்கூட இதற்குள் பல தடவை அடுக்கலாம். 18 மெகாபிக்ஸல், சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிய பிரின்ட் போடத் தாராளம். குறை இருப்பது முன்னால் மாட்டியிருக்கும் கண்ணாடியில்.

கிட் லென்ஸை ஜூம் செய்து 50 மி.மீ. பக்கம் கொண்டுபோனால், அதன் வாசல் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். ஜூம் இல்லாத 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. கைக்கு அடக்கமான குட்டி லென்ஸ். எண் சின்னதாக ஆக ஆக வாசல் பெரிதாகும் என்பதுதான் இதில் உள்ள ஒரே குழப்பம். 5.6-க்கும் 1.8-க்கும் கணக்குப் போட்டால், உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய 10 மடங்கு. கிட் லென்ஸ் 1/15 விநாடி கேட்கும் இடத்தில் இதில் 1/125 விநாடியிலேயே எடுத்துவிடலாம். 1/15-ல் தாத்தா தலையைத் திருப்பினாலே முகம் இழுபடும். 1/125-ல் அவர் சிரித்தால் சிரிப்பு அப்படியே நிற்கும்.

கேனானின் 50 மி.மீ. எஸ்.டி.எம் லென்ஸ் பத்தாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே கிடைக்கிறது. பழையது இன்னும் மலிவு. பையனிடம் இதைக் காட்டுங்கள். பின்னாளில் அவன் கேனான் மிரர்லெஸ்ஸே வாங்கினாலும், ஓர் அடாப்டர் போட்டு இதே லென்ஸை மாட்டலாம், ஆட்டோஃபோகஸோடு. இப்போது போடும் காசு வீணாகாது.

நிக்கான்காரர்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள்

இந்த விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். டி3100, டி3200, டி3300, டி5200, டி5600 என்று 3 ஆயிரம், 5 ஆயிரம் வரிசையில் வந்த நிக்கான் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருந்தால்தான் ஆட்டோஃபோகஸ் ஆகும். நிக்கானின் பழைய 50 மி.மீ. எஃப் 1.8 'டி' லென்ஸ் விலை குறைவு என்று வாங்கி வந்தால், மாட்டும், படமும் எடுக்கும். ஆனால் ஃபோகஸை ஒவ்வொரு முறையும் கையால் திருக வேண்டும். ஹோமப் புகைக்கு நடுவில் அது நடக்கிற காரியமா? லென்ஸ் மேல் 'ஏ.எஃப்-எஸ்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்றால், உங்கள் கேமராவையே எடுத்துப்போய் மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இன்னொன்று, வீட்டின் அளவு. இந்த கேமராக்களில் 50 மி.மீ. லென்ஸ் கொஞ்சம் நெருக்கிக் காட்டும். ஐந்தரை அடி ஆள் ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க, நீங்கள் 12 அடிக்கு மேல் பின்னால் போக வேண்டும். பத்துக்குப் பத்து ரூமில் முதுகு சுவரில் முட்டும். மண்டபம், மொட்டை மாடி, முகம் மட்டும் தெரியும் படங்கள் என்றால் 50. வீட்டு ஹாலுக்குள்ளேயே விசேஷம் என்றால் நிக்கான்காரர்களுக்கு 35 மி.மீ. எஃப் 1.8, கேனான்காரர்களுக்கு 24 மி.மீ. எஃப் 2.8. எல்லோரையும் உட்கார வைத்து எடுக்கும் குரூப் போட்டோவுக்குப் பழைய கிட் லென்ஸே போதும். வெயில் வெளிச்சத்தில் எடுத்தால் அதுவும் நன்றாகவே உழைக்கும்.

முதலில் அந்தப் பையைத் திறங்கள்

திறந்ததும் மெமரி கார்டை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். பல வருஷம் தூங்கிய கார்டு. அதில் காப்பி செய்யாமல் விட்ட படங்கள் இருக்கலாம். இன்று நம்மோடு இல்லாத யாரோ ஒருவர் ஊஞ்சலில் உட்கார்ந்து காபி குடிக்கும் படம்கூட இருக்கலாம். போனில் சொருகும் டைப்-சி கார்டு ரீடர் சில நூறு ரூபாய்தான். முதலில் எல்லாவற்றையும் போனுக்கு மாற்றி, இன்னோர் இடத்திலும் சேமித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஃபார்மேட். 1200டி-யில் வைஃபை கிடையாது என்பதால் இந்த ரீடர் விசேஷத்தன்றும் உதவும். எடுத்த படம் ஐந்தே நிமிஷத்தில் ஃபேமிலி குரூப்புக்குப் போய்விடும்.

அடுத்தது பேட்டரி. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் சட்டென்று இறங்கினால் அதன் காலம் முடிந்தது. 1200டி, 1300டி, 1500டி மூன்றுக்கும் ஒரே பேட்டரிதான், பெயர் எல்.பி-ஈ10. இரண்டு வைத்துக்கொண்டால் நிம்மதி.

பிறகு லென்ஸைக் கழற்றி, போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. ஈரக்காற்றுள்ள ஊர்களில் பைக்குள்ளேயே வருஷக்கணக்கில் வைத்ததற்கான கூலி. லேசாக இருந்தால் சர்வீஸில் துடைத்துத் தருவார்கள். கிட் லென்ஸுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். அந்தக் காசைப் புது லென்ஸுக்குப் போடுங்கள். இனிமேல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பீரோ வாசனைக்குப் போடும் அந்துருண்டை, கற்பூரம் எதுவும் கேமரா பக்கம் வேண்டவே வேண்டாம். அரிசியும் வேண்டாம், அதன் மாவு உள்ளே போய்விடும். உள்ளே தெரியும் கண்ணாடியில் தூசி இருந்தால் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

கடைசியாக, கண் வைத்துப் பார்க்கும் இடத்தின் ஓரத்தில் குட்டியாக ஒரு திருகு இருக்கும். வியூஃபைண்டரில் எல்லாமே மங்கலாகத் தெரிகிறதே என்று கேமராவைக் குறை சொல்பவர்கள், உள்ளே தெரியும் எழுத்துகள் பளிச்சென்று தெரியும் வரை அதைத் திருப்புங்கள். கண்ணாடி போட்ட பெரியவர்களும் பேரனின் கேமராவை வாங்கிப் பார்க்கலாம்.

விசேஷத்தன்று செட்டிங் என்ன?

ஆட்டோ மோடை மறந்துவிடுங்கள். மேலே இருக்கும் வட்டத்தைக் கேனானில் 'ஏ.வி', நிக்கானில் 'ஏ' என்ற எழுத்துக்குத் திருப்புங்கள். லென்ஸ் வாசல் எவ்வளவு திறக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள், ஷட்டர் வேகத்தை கேமரா முடிவு செய்யும். இந்த மோடில் நீங்கள் பட்டனை அமுக்கினால் தவிர ஃப்ளாஷ் தானாக எழும்பாது.

1.8 வரை திறக்கும் லென்ஸ் கையில் வந்ததும் எல்லாவற்றையும் 1.8-லேயே எடுக்கத் தோன்றும். பின்னணி வெண்ணெய் மாதிரி கரைவது அழகுதான். ஆனால் 50 மி.மீ. லென்ஸில் ஒரு மீட்டர் தூரத்தில் 1.8-ல் எடுத்தால், கூர்மையாக இருக்கும் ஆழம் வெறும் 3 செ.மீ. அளவுதான். மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கிவிடும். தாத்தா மட்டும் என்றால் 2 அல்லது 2.2 வைத்து, நடு ஃபோகஸ் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, அதை அவர் கண் மேல் வைத்து எடுங்கள். தாத்தாவும் பாட்டியும் மணையில் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் 2.8. பத்தடி தள்ளி நின்றால் ஓர் அடிக்கு மேல் ஆழம் கிடைக்கும், இரண்டு பேரும் அதற்குள் வந்துவிடுவார்கள்.

ஐ.எஸ்.ஓ-வை 1600-ல் வைத்துத் தொடங்குங்கள். வியூஃபைண்டரில் தெரியும் ஷட்டர் எண் 100-க்குக் கீழே போனால் 3200-க்கு ஏற்றுங்கள். கொஞ்சம் மணல் தூவிய மாதிரி புள்ளிகள் வரும். வரட்டும், போனில் பார்ப்பவருக்கு அது தெரியப்போவதில்லை. ஆடிப்போன படத்தைத்தான் யாராலும் காப்பாற்ற முடியாது. டியூப்லைட், சில எல்.இ.டி விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் வேகம் அதைவிட ரொம்ப அதிகமானால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது இருட்டாகவும் வரலாம். அந்த விளக்குகளின் கீழ் 1/100 பக்கத்திலேயே இருங்கள்.

அபிஷேகத்துக்கு மட்டும் வேறு கணக்கு. சல்லடை வழியாகக் கலச நீர் தலையில் இறங்கும் அந்தச் சில விநாடிகள்தான் அன்றைய முக்கியமான படம். அது பெரும்பாலும் வெளிச்சமான இடத்தில் நடக்கும். 1/500-க்கு மேல் வேகம் இருந்தால் துளிகள் முத்து மாதிரி நிற்கும். சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருக்கும் பக்கமாக நின்றால் ஒவ்வொரு துளியும் மின்னும். தண்ணீர் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சாஸ்திரிகளிடம் முன்னாடியே கேட்டு வைத்துக்கொள்வது கேமராவுக்கு நல்லது.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர், மாநிற முகம். கேமரா குழம்புவது இங்கேதான். இவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். வேட்டி அழுக்காகவும் தாத்தாவின் முகம் கறுத்தும் வரும். பிளஸ்-மைனஸ் போட்ட பட்டனை அழுத்திக்கொண்டே சக்கரத்தைத் திருப்பி, அளவை பிளஸ் 1 பக்கம் நகர்த்துங்கள். முகம் தெளியும். இந்த ஒரு பட்டனைப் பழகியவர்கள் பாதி போட்டோகிராபர்.

பையன் நிஜமாகவே பறவை, கிரிக்கெட், யூடியூப் வீடியோ என்று இறங்கப்போகிறான் என்றால் 1200டி அவனுக்குப் போதாது. வீடியோவில் அதன் ஃபோகஸ் ஆமை வேகம். அப்போது மிரர்லெஸ் கேட்பதில் தப்பில்லை. ஒரு விசேஷத்துக்காக அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

இன்னும் நாலு வாரம் இருக்கிறது. பையனை இன்று சாயங்காலமே தாத்தா வீட்டுக்கு அனுப்புங்கள். அவரை ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்து, டியூப்லைட்டை அணைத்துவிட்டு, வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கம் விழுகிற மாதிரி எடுக்கட்டும். 'சிரிங்க தாத்தா' என்று சொல்லக் கூடாது. அந்தக் காலத்து வேலை, முதல் சம்பளம், பாட்டியைப் பெண் பார்க்கப் போன கதை என்று எதையாவது கேட்டுவிட்டு, அவர் பேசும்போது எடுக்க வேண்டும். நூறு படத்தில் நாலு தேறினால் போதும். அந்த நாலில் ஒன்றைப் பெரிதாக பிரின்ட் போட்டு, சதாபிஷேகத்தன்று மண்டப வாசலில் வையுங்கள்.

அடுத்த வாரம்: ஃப்ளாஷை முகத்துக்கு நேராக அடிக்காமல், கூரையில் அடித்து வெளிச்சத்தை இறக்குவது எப்படி?