மரத்துக்கும் வைத்தியர் வேண்டும்

மாட்டுக்கு நோய் கண்டால் கால்நடை மருத்துவரிடம் ஓட்டிச் செல்கிறோம். குடைக்கம்பி முறிந்தால் குடை பழுது பார்ப்பவரைத் தேடிப் போகிறோம். வாசலில் நிற்கும் வேப்பமரத்தில் பாதிக் கிளைகள் பட்டுப் போனால் மட்டும் நமக்குத் தெரிந்த ஒரே மனிதர் மரம் வெட்டுபவர். நோயாளி படுத்திருக்கும் வீட்டுக்குச் சவப்பெட்டி செய்பவரை அழைத்து வருவது போன்றதல்லவா இது?

மரம் நடுவதைப் பற்றி எழுத இனி ஒன்றும் மிச்சமில்லை. 1950ஆம் ஆண்டு கே. எம். முன்ஷி வன மகோத்சவத்தைத் தொடங்கியது முதல் நாடு முழுவதும் ஆண்டுதோறும் நடுகிறார்கள். பள்ளிகளில் புகைப்படமும் எடுக்கிறார்கள். நட்டது வளர்ந்து, முப்பது நாற்பது வயதாகி, பொந்து விழுந்து, கரையான் ஏறி நிற்கும்போது அதை யார் பார்ப்பது? இதைப் பற்றி எழுதலாம் என்று வகுப்புத் தோழியர் நால்வர் தீர்மானித்தோம்.

திருவானைக்காவலின் பெயரிலேயே சோலை இருக்கிறது. 'கா' என்றால் சோலை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் இத்தீவில், கோயிலின் தல விருட்சம் வெண்ணாவல். ஜம்பு என்றாலும் நாவல்தான். அதனாலேயே இறைவனை ஜம்புகேஸ்வரர் என்று அழைக்கின்றனர். வழிபடும் இறைவனுக்கே மரத்தின் பெயரை இட்ட ஊரில், மரத்தைப் பேணுகிறவருக்கு ஒரு பெயர் இல்லை. மரம் ஏறுகிறவர், மரம் வெட்டுகிறவர், அவ்வளவுதான்.

எங்களில் ஒருத்தியின் தெருவுக்குத் தென்னை ஏறவும் கிளை கழிக்கவும் வருகிற பெரியவர் ஒருவரிடம் பேசினோம். வயது அறுபதுக்கு மேல். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "வெட்டுறதுக்குத்தான் கூப்பிடுறாங்க கண்ணு. முழுசா வெட்ட வேணாம், இந்த ஒரு கிளையைக் கழிச்சாப் போதும்னு சொன்னா, வேலைக்குச் சோம்பல் படுறான்னு நினைக்கிறாங்க" என்றார். கூலியில் ஒரு பகுதி விறகாகவே கழிக்கப்படுவதும் உண்டாம். சிந்தித்துப் பாருங்கள். எவ்வளவு அதிகமாக வெட்டுகிறாரோ அவ்வளவு அவருக்கு வருமானம். எவ்வளவு நன்றாகக் காப்பாற்றுகிறாரோ அவ்வளவு நஷ்டம். டாக்டருக்கு இப்படிச் சம்பளம் கொடுத்தால் நம்மில் எத்தனை பேருக்குக் கை கால் மிஞ்சும்?

கிளை கழிப்பதில் என்ன வித்தை இருக்கிறது என்று நினைப்பவர்கள் அவருடன் அரை மணி நேரம் சாலையில் நடக்க வேண்டும். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டது போலத் தடித்திருக்கும். அதற்கு வெளியேதான் வெட்ட வேண்டும். மோதிரத்தையும் சேர்த்து அடியோடு வழித்துச் சீவினால் அழுகல் உள்ளே போய்விடும். முழ நீளம் மொட்டையாக விட்டாலும் அந்தக் கட்டை உளுத்து உள்ளே பொந்து விழும். கனமான கிளையானால் முதலில் அடிப்புறம் சிறிது அறுத்து, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்து, பாரம் இறங்கியபின் கடைசி வெட்டைப் போட வேண்டும். இல்லாவிட்டால் கிளை விழும்போது தாய்மரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். மின்கம்பிக்காகத் தலையை மொட்டை அடித்த ஒரு தூங்குமூஞ்சி மரத்தைக் காட்டினார். வெட்டிய இடத்தில் தளிர்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி, மரம் முன்னைவிடச் செழிப்பாகவே எங்களுக்குத் தெரிந்தது. "பாக்கத்தான் அழகு. இது எல்லாம் பட்டையிலே ஒட்டிக்கிட்டு வந்த கிளை. பெருத்தாப் பிடிமானம் இருக்காது. காத்துல ஒடிஞ்சு எவன் தலையிலாவது விழும்" என்றார்.

இவர் எந்தக் கல்லூரியிலும் பயிலவில்லை. ஆனால் அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து 1970களிலும் 80களிலும் எழுதியது ஏறக்குறைய இதைத்தான். மனிதரின் புண் ஆறுவது போல மரத்தின் புண் ஆறுவதில்லை. கெட்ட பகுதியை உள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே மரம் புதிதாக வளர்ந்துகொள்கிறது. அந்த மோதிரப் பகுதிதான் சுவரைக் கட்டுவதில் முன்நிற்கிறது. வெட்டுவாயில் தார் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்றும் ஷைகோ கண்டார். நம் பெரியவரோ வெட்டிய இடத்தில் சாணத்தை அப்புகிறார். அதனால் பயன் உண்டா என்று கேட்டோம். "மரத்துக்கு இல்லே கண்ணு, வீட்டுக்காரங்க மனசுக்கு" என்று சிரித்தார்.

வேரைப் பற்றிப் பேசும்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. தெருவுக்குத் தெரு சிமெண்டுக் கல்லை அடிமரம் வரை நெருக்கிப் பதித்துவிடுகிறோம். வேருக்கும் மூச்சு உண்டு, நீர் வேண்டும் என்பதை ஐந்தாம் வகுப்பில் படித்துப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டு மறந்துவிடுகிறோம். பிறகு குழாய் பதிக்க ஒரு பக்கத்து வேரைத் துண்டிக்கிறோம். 12-12-2016 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. காற்று வலியதுதான், ஆனால் வேர் பரப்ப இடம் கொடுக்காமல் வளர்த்த மரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? 2013ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி உத்தரவிட்டது. ஒரு மீட்டர் என்பது நம் பள்ளி மேசையின் நீளம்கூட இராது. அதையும் கேட்டு வாங்க ஒரு தீர்ப்பாயம் வேண்டியிருக்கிறது!

லூக்கா நற்செய்தியில் காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடச் சொல்லும் முதலாளியும், இன்னும் ஓராண்டு பொறுக்கும்படி மன்றாடும் தோட்டக்காரரும் வருகிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் இறைவனின் பொறுமைக்கு இதை உவமையாகக் கேட்டிருக்கிறோம். இப்போது படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. தோட்டக்காரர் வெறுமனே தவணை கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்கிறார். இறுகிய மண்ணைத் தளர்த்துவதுதான் இன்றும் மர வைத்தியத்தின் முதல் பாடம்.

காட்டு மரங்களை யார் வைத்தியம் பார்த்து வளர்க்கிறார்கள் என்று ஒரு தோழி வாதிட்டாள். காட்டு மரத்தின் கீழ் பேருந்து நிறுத்தம் இல்லை. அதன் வேர்மேல் யாரும் சாலை போடுவதில்லை. அது விழுந்தால் விழுந்த இடத்தில் மக்கி மண்ணாகும். மனிதரோடு வாழ வந்த மரத்துக்குத்தான் மனிதரின் கவனிப்பு தேவைப்படுகிறது.

வெட்டவே கூடாது என்றும் நாங்கள் கூறவில்லை. கல்கத்தாவை அடுத்த ஹௌராவின் தாவரவியல் பூங்காவில் உள்ள பெரிய ஆலமரம் 1864, 1867ஆம் ஆண்டுப் புயல்களில் அடிபட்டுக் காளான் நோய்க்கு ஆளானது. 1925இல் அதன் தாய்மரத்தையே அறுத்து அகற்றினார்கள். விழுதுகளின்மேல் ஆலமரம் இன்றும் தழைத்து நிற்கிறது. எதை வெட்டுவது, எதை விடுவது என்று அறிந்த ஒருவர் அருகில் இருந்ததே காரணம்.

ஜப்பானில் 1991 முதல் மர மருத்துவர் என்றே சான்றிதழ் வழங்குகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் நாட்டுத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கி, கருவியின் உதவியால் ஏறவும் பூச்சி நோய் பார்க்கவும் பயிற்சி தந்து, விபத்துக் காப்பீடும் செய்தது. பெண்களும் பயின்று ஏறினார்கள். தென்னைக்கு உள்ள நண்பர்கள் வேம்புக்கும் புங்கைக்கும் வேண்டாமா? நம் பெரியவரின் இடுப்பில் இருப்பது அவர் காசில் வாங்கிய கயிறு. காப்பீடு கிடையாது. "விழுந்தால் என்ன செய்வீர்கள் தாத்தா?" என்றோம். "விழக்கூடாதுன்னுதான் ஏறுறேன்" என்றார். மகன் இத்தொழிலுக்கு வரவில்லை, ஆட்டோ ஓட்டுகிறார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

திருச்சி இதற்குத் தகுதியற்ற ஊரல்ல. தூய வளனார் கல்லூரியில் 1967 முதல் ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ அடிகளார், தமிழ்நாட்டுத் தாவரங்களைத் திரட்டி 1981 முதல் பெரும் நூல்களாக வெளியிட்டார். நாவலூர் குட்டப்பட்டில் பெண்களுக்கென்றே தோட்டக்கலைக் கல்லூரி உள்ளது. மரங்களின் பெயர் அறிந்தவர்களும் நோய் அறிந்தவர்களும் ஊரில் இருக்கிறார்கள்; உச்சாணிக் கிளையில் நின்று கத்தி பிடிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் சந்திப்பதில்லை என்பதே குறை. அக்கல்லூரி மரப் பராமரிப்புக்கு ஒரு சிறு பயிற்சி வைக்கட்டும். முடித்தவர்களுக்குத் தலைக்கவசம், நல்ல கயிறு, காப்பீடு, மாநகராட்சியில் வேலை கிடைக்கட்டும். பார்த்துச் சொல்வதற்குத் தனிக் கூலியும், வெட்டுவதற்குத் தனிக் கூலியும் இருக்கட்டும். விறகு வீட்டுக்காரருக்கே போகட்டும். எங்களில் இருவர் பத்தாம் வகுப்பு முடித்ததும் சேர ஆயத்தம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. முதல் வாரம் பாடம் நடத்த நம் பெரியவரை அழைக்க வேண்டும். அவருக்குக் கையெழுத்து மட்டுமே போடத் தெரியும் என்று யாரும் தயங்க வேண்டாம். அவர் நடத்தும் பாடத்துக்குக் கரும்பலகை தேவைப்படாது.