வா என்றால் வாய் திறக்கும் பெட்டி

“ஏம்மா, உன் கிட்டாருக்கு வயிறு சரியில்லையா?”

சித்தி மகளின் திருமண விருந்தில் எங்கள் குழு இரண்டாவது பாட்டை முடித்ததும், சித்தி மேடையோரம் வந்து கேட்ட கேள்வி இது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். டிரம்ஸ் வாசிக்கும் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. “அக்கா, பேஸ் எங்கே போச்சு? நாலு நிமிஷம் நான் தனியா நடந்த மாதிரி இருந்துச்சு லா,” என்றான். சித்தி கேட்டதை அன்றிரவே மறந்துவிட்டேன். தம்பி சொன்னதுதான் தூங்கவிடவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் என் காலடியில் கிடந்த ஒரு சின்ன நீலப் பெட்டி. இரண்டு வாரத்துக்கு முன் 160 வெள்ளி கொடுத்து வாங்கியது. வீட்டில் ‘நூறு சொச்சம்’ என்று சொல்லியிருந்தேன். அதன் பெயர் என்வலப் ஃபில்டர்.

இதை இப்போது எழுதக் காரணம், சென்ற வாரம் நிகழ்ச்சி முடிந்தபின் நேயர் ஒருவர் அனுப்பிய குறுஞ்செய்தி. “மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். பேஸ் கிட்டாருக்கு ஏதோ ‘வா வா’ என்று சத்தம் போடும் பெட்டி வேண்டுமாம். பிறந்தநாளுக்கு வாங்கித் தரலாமா? எதை வாங்குவது?” என்று கேட்டிருந்தார். குறுஞ்செய்தியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதிலும் தப்பாக வாங்கி, மேடையில் மானம் போன ஒருத்தியிடம் வந்து கேட்டிருக்கிறார்!

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். வாயைக் குவித்து ‘உ’ என்று சொல்லத் தொடங்குங்கள். குரலை நிறுத்தாமல் மெல்ல வாயைத் திறந்து ‘ஆ’ வரை போங்கள். ‘உவா’ என்று வருகிறதா? தொண்டையிலிருந்து வரும் சுருதி மாறவில்லை. வாயின் வடிவம் மாறியதால், அந்த ஒலிக்குள் இருக்கும் உயர்ந்த அதிர்வெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தன. கிட்டார்காரர்கள் காலால் மிதித்து மிதித்துக் கொண்டுவரும் ‘வா வா’ ஒலியும் இதேதான். அங்கே வாயைத் திறப்பதும் மூடுவதும் கால்.

என்வலப் ஃபில்டரில் அந்த வேலையை விரல் செய்கிறது. நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘வணக்கம்’ என்று சொன்னால், கணினித் திரையில் அந்தச் சொல் ஒரு மலை மாதிரி எழுந்து, ‘ம்’மில் சரிந்து முடியும். அந்த மலையின் வெளிக்கோடுதான் என்வலப். தபால் உறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெட்டி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தந்தியை ஓங்கித் தட்டினால் வாயை அகலத் திறக்கும். மெல்லத் தொட்டால் பாதி திறக்கும். ஒலி தேயத் தேய மூடிக்கொள்ளும்.

இந்த வகைப் பெட்டிகளுக்கெல்லாம் பாட்டன் என்றால் மியூ-ட்ரான் 3. 1972இல் மைக் பீகல் என்ற பொறியாளர் வடிவமைத்தார். அமெரிக்காவின் மியூசிட்ரானிக்ஸ் நிறுவனம் விற்றது. மறு ஆண்டே ஸ்டீவி வொண்டர் ‘ஹையர் கிரவுண்ட்’ பாட்டில் தன் கிளாவினெட் கீபோர்டை அதன் வழியாக விட்டார். அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கேட்டால், ஒரு கருவி பேச முயல்வதுபோல் இருக்கும். பேஸ் உலகத்தில் இந்த ஒலியைத் தன் சொத்தாக்கிக்கொண்டவர் பூட்சி காலின்ஸ். நட்சத்திர வடிவ கிட்டாரும் நட்சத்திரக் கண்ணாடியுமாக நிற்பாரே, அவர்தான்.

அந்தப் பழைய பெட்டிக்குள் நடப்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. உள்ளே ஒரு குட்டி விளக்கு இருக்கிறது. நீங்கள் ஓங்கி வாசித்தால் அது பளிச்சென எரியும். மெல்ல வாசித்தால் மங்கும். எதிரே வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் பாகம் இருக்கிறது. அதுதான் ஃபில்டரைத் திறந்து மூடுகிறது. விரலின் அழுத்தம் வெளிச்சமாகி, மீண்டும் ஒலியாகிறது. யாரும் பார்க்க முடியாத இருட்டுப் பெட்டிக்குள் இவ்வளவும் நடக்கிறது.

சரி, திருமண விருந்தில் என்ன ஆயிற்று? இரண்டு தவறுகள். இரண்டும் என்னுடையவை.

என் நீலப் பெட்டி, கிட்டாரை மனத்தில் வைத்துச் செய்தது. நடுவில் ஒரு பட்டை அதிர்வெண்களை மட்டும் விட்டுவிட்டு, மேலேயும் கீழேயும் வெட்டிவிடும் வகை. இதை பேண்ட்-பாஸ் என்பார்கள். கிட்டாருக்கு அது அழகு. ஆனால் பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை விரல் வைக்காமல் தட்டினால் வருவது ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். மண்டபத்தில் காதுக்கு முன் நெஞ்சில் போய் மோதுகிற ஒலி அது. பெட்டி அதைத்தான் முதலில் வெட்டியது. வீட்டில் ஹெட்ஃபோனில் கேட்டபோது ‘வாவ் வாவ்’ என்று அருமையாக இருந்தது. கூடவே டிரம்ஸும் கீபோர்டும் இரண்டு பாடகர்களும் சேர்ந்தபோது, மிச்சமிருந்தது சித்திக்குக் கேட்ட அந்த வயிற்றுச் சத்தம் மட்டும்தான்.

இரண்டாவது தவறு, வானொலிக்காரி செய்யவே கூடாதது. எங்கள் கூடத்தில் குரலுக்கு கம்ப்ரஸர் உண்டு. நான் கிசுகிசுத்தாலும் வாய்விட்டுச் சிரித்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில் உங்கள் காருக்குள் வரச் செய்வது அதுதான். பேஸுக்கும் ஒரு கம்ப்ரஸர் வைத்திருக்கிறேன். அதை முன்னால் செருகி, ஃபில்டரைப் பின்னால் வைத்திருந்தேன். மலையையெல்லாம் சமவெளியாக்கி அனுப்பினால் பாவம், பெட்டி எதைப் பார்த்து வாயைத் திறக்கும்? ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரே மாதிரி கொட்டாவி விட்டது. ஃபில்டர் முன்னால், கம்ப்ரஸர் பின்னால். கிட்டாரிலிருந்து வரும் ஒயர் முதலில் ஃபில்டருக்குள்தான் போக வேண்டும்.

மறு மாதம் கோல்மன் ஸ்ட்ரீட் பெனின்சுலா கடைத்தொகுதிக்குப் போனேன். சிங்கப்பூரில் கிட்டார் வாசிக்கும் யாருக்கும் அந்த இடத்தை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இம்முறை என் சொந்த பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். இது முக்கியம். கடையில் தொங்கும் கிட்டாரில் சோதித்தால் அது அந்தக் கிட்டாருக்கான பெட்டி. உள்ளே பேட்டரி உள்ள ஆக்டிவ் பேஸ் பலமான சைகையை அனுப்பும். பேட்டரி இல்லாத பழைய வகை பொதுவாக அதைவிட மெதுவாகப் பேசும். ஒன்றுக்குத் தாராளமாகத் திறக்கும் பெட்டி இன்னொன்றுக்கு அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

கடைக்கார அங்கிள் நான்கு பெட்டிகளை எடுத்து வைத்தார். நான் வேகமாக ஃபங்க் வாசிக்கத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். “ஒரே ஒரு சுரம். முதலில் மெதுவாக, பிறகு பலமாக. அவ்வளவு போதும்,” என்றார். அப்படிச் செய்ததும் எந்தப் பெட்டிக்குக் காது கூர்மை என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சென்ஸிட்டிவிட்டி குமிழை எங்கே திருகினாலும் இருபக்கமும் இடம் மிச்சமிருக்க வேண்டும். முழுக்கத் திருகினால்தான் திறக்கிறது என்றால் அந்தப் பெட்டி உங்களுக்கில்லை.

அடுத்து அடித்தொனி. அசல் ஒலியையும் ஃபில்டர் போட்ட ஒலியையும் கலக்க வழி உண்டா என்று பாருங்கள். நான் கடைசியில் வாங்கியது எம்எக்ஸ்ஆர் பேஸ் என்வலப் ஃபில்டர். அதில் அசலுக்கு ஒரு குமிழ், ஃபில்டர் ஒலிக்கு ஒரு குமிழ் என்று தனித்தனியாக இருக்கின்றன. அசலைப் பாதிக்கு வைத்தால் 41 ஹெர்ட்ஸ் எங்கும் ஓடிப்போவதில்லை. அதன் தலைமேல் ‘வா’ உட்கார்ந்துகொள்கிறது. கலக்கும் வசதி இல்லாவிட்டால், தாழ்ந்த ஒலிகளை வெட்டாமல் விடும் லோ-பாஸ் வகையாவது இருக்கட்டும். மைக் பீகலே 1990களில் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த கியூ-ட்ரானில் வகையை மாற்றும் தெரிவு இருக்கிறது. பழைய மியூ-ட்ரானின் குரல் வேண்டுவோர் அதைத்தான் முதலில் தேடுவார்கள். அகுய்லர் ஃபில்டர் ட்வின் என்றொன்று உண்டு. அதில் இரண்டு ஃபில்டர்கள். ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வரும். கேட்க மாயமாக இருந்தது. என் பட்ஜெட்டுக்கு மேலே இருந்ததால் கண்ணை மூடிக்கொண்டேன்.

பெடலை மிதிக்கும்போது ஒட்டுமொத்தச் சத்தம் சட்டென ஏறுகிறதா, இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். அப்புறம் மின்சாரம். பிளக் பொருந்துகிறது என்பதற்காக வீட்டில் கிடக்கும் ஏதோவொரு அடாப்டரைச் செருகாதீர்கள். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டும் முனையின் துருவக் குறியும் அடாப்டரில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும்.

பெட்டி வந்தது. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. ஒரே சீராக எட்டு முறை தட்டினேன். ‘வா, வ, வா, வ’ என்று ஒன்றுவிட்டு ஒன்று நொண்டியது. பழுதான பெட்டி என்றே நினைத்தேன். கடைக்குத் திரும்பிப் போக பையில்கூட எடுத்து வைத்துவிட்டேன். பிறகு ஒரு சந்தேகம் வந்து, ஆள்காட்டி விரலால் மட்டும் எட்டு முறை தட்டினேன். எட்டும் ‘வா’. நடுவிரலால் தட்டினேன். எட்டும் ‘வ’. பன்னிரண்டு ஆண்டுகளாக வாசிக்கிறேன். என் நடுவிரல் அரைவேலைதான் பார்த்துக்கொண்டிருந்தது. கம்ப்ரஸர் அத்தனை நாளும் அதை மூடி மறைத்துக் காப்பாற்றியிருக்கிறது. கூச்சமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து இரண்டு மாதம், பிள்ளை தூங்கியபின் மெட்ரோனோமை 60இல் வைத்து, ஆம்ப் இல்லாமல், நடுவிரலுக்குத் தனி வகுப்பு. ‘நூறு சொச்சம்’ கதையை அதற்குள் கண்டுபிடித்துவிட்ட என் கணவர், “வாங்கினது பெட்டியா, வாத்தியாரா?” என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை எல்லாப் பாட்டிலும் போடாதீர்கள். எங்கள் குழு அதிகம் வாசிப்பது இளையராஜா பாடல்கள். அவர் பாடல்களில் பேஸ் பின்னணியில் சும்மா நிற்பதில்லை. பாடகருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மெட்டுப் போய்க்கொண்டிருக்கும். அதன்மேல் ‘வாவ் வாவ்’ போடுவது, நல்ல ரசத்தில் சாக்லேட் கரைப்பது மாதிரி. நடனப் பாட்டு, ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும் இடம், இடையிசையில் எட்டு தாளச் சுற்று. அங்கெல்லாம் மிதியுங்கள். முடிந்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

குறுஞ்செய்தி அனுப்பிய அம்மாவுக்கு: மகன் என்ன பாட்டு வாசிக்கிறான் என்று கேளுங்கள். ஃபங்க், டிஸ்கோ என்றால் அவனுக்கு இது நிச்சயம் பயன்படும். இன்னும் எது பிடிக்கும் என்றே தெரியாத நிலையில் இருந்தால், பல ஒலிகள் ஒரே பெட்டிக்குள் இருக்கும் சூம் மாதிரியான மல்டி எஃபெக்ட்ஸ் நல்ல தொடக்கம். அதிலேயே ஒரு ஆட்டோ-வா இருக்கும். மூன்று மாதம் கழித்தும் அவன் அதையே மிதித்துக்கொண்டிருந்தால் தனிப் பெட்டி வாங்கலாம். கடைக்கு அவனோடு அவன் கிட்டாரும் போகட்டும். தயவுசெய்து ரகசியப் பரிசாக வாங்காதீர்கள்.

சென்ற மாதம் சமூக மன்ற நிகழ்ச்சியில் அதே நடனப் பாட்டை மீண்டும் வாசித்தோம். இடையிசையில் மிதித்தேன். தம்பி திரும்பிப் பார்த்தான். எதுவும் சொல்லவில்லை, பாஸ் டிரம்மை இன்னும் கொஞ்சம் ஓங்கி உதைத்தான். கீழே இரண்டு அத்தைகள் எழுந்து ஆடத் தொடங்கினார்கள்.

நீலப் பெட்டியை கேரொசெலில் 110 வெள்ளிக்குப் போட்டேன். தேசிய சேவையிலிருந்து விடுப்பில் வந்த ஓர் இளைஞர், நகர மண்டப நிலையத்தின் நுழைவாயிலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பணத்தை நீட்டினார். “தம்பி, நீங்கள் பேஸா?” என்று கேட்டேன். “இல்லைக்கா, கிட்டார்,” என்றார். பெட்டியை நிம்மதியாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.