குப்புறப் படுக்க வைத்தது குற்றமா?

 

ஒரு சகோதரியின் கடிதம் என் முன்னால் இருக்கிறது. அவருடைய நாநாவுக்கு நியூமோனியா முற்றி, ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டையில் குழாய் இட்டு, மெஷின் மூலம் சுவாசம் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் பார்க்கப் போனபோது அவர் குப்புறக் கிடத்தப்பட்டிருந்தாராம்.

“குப்புறப் படுப்பது அல்லாஹ்வுக்குப் பிடிக்காத படுக்கை என்று ஓதப்பள்ளியில் லெப்பை சொல்லித் தந்தார். நிமிர்த்திப் போடுங்கள் என்று தாதியிடம் அழுதேன், கேட்கவில்லை. மூன்றாம் நாள் நாநா வபாத்தாகி விட்டார். அவருக்கு இதனால் குற்றம் உண்டா? நான் இன்னும் வற்புறுத்தியிருக்க வேண்டுமா?” என்று கேட்கிறார்.

சகோதரியே! முதலில் உங்கள் மனம் ஆறட்டும். உங்கள் நாநாவுக்கு இதில் எந்தக் குற்றமும் இல்லை.

லெப்பை சொல்லித் தந்தது சரிதான். குப்புறப் படுத்துறங்குவதை நபி (ஸல்) அவர்கள் வெறுத்திருக்கிறார்கள். அது மக்ரூஹ் என்று நமது இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது, தேவை எதுவுமின்றித் தானாக விரும்பி அப்படிப் படுப்பவருக்குரிய ஒழுக்கம். தேவை வந்துவிட்டால் மக்ரூஹ் நீங்கிவிடும் என்பது மார்க்கச் சட்டத்தில் தெரிந்த விஷயம். உங்கள் நாநாவோ தானாகப் படுக்கவுமில்லை, சுயநினைவிலும் இல்லை. உயிரைக் காப்பாற்றும் மருந்தாகவே அவரை அப்படிக் கிடத்தினார்கள்.

‘படுக்கை எப்படி மருந்தாகும்?’ என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

நமது நுரையீரலில் கோடிக்கணக்கான சிறு காற்றறைகள் இருக்கின்றன. கடும் நியூமோனியா போன்ற நோய்களில் இவை வீங்கி, நீர் கோத்து, மூடிக்கொள்கின்றன. எவ்வளவு ஒட்சிசன் கொடுத்தாலும் இரத்தத்தில் போதியளவு சேர்வதில்லை. இத்தகைய 12 நோயாளிகளைப் பற்றி 1967இல் அமெரிக்க டொக்டர்மார் எழுதிய பிறகுதான், இது தனியொரு நோய்நிலை என்பது மருத்துவ உலகுக்குத் தெளிவாயிற்று.

நோயாளி மல்லாந்து கிடக்கும்போது இருதயத்தின் பாரமும், நீர் கோத்த நுரையீரலின் பாரமும் முதுகுப் பக்கத்துக் காற்றறைகளை அமுக்குகின்றன. நுரையீரலின் பெரும்பகுதி இருப்பது அந்தப் பக்கத்தில்தான். இரத்தம் அதிகம் ஓடுவதும் அங்கேதான். குப்புறத் திருப்பினால் அந்தப் பாரம் நீங்கி, மூடிய அறைகள் திறக்கின்றன. காற்றும் எல்லாப் பக்கமும் ஓரளவு சமமாகப் பரவுகிறது.

இந்த யோசனை 1970களிலேயே வந்துவிட்டது. ஆனால் ஒட்சிசன் கூடுவது வேறு, உயிர் பிழைப்பது வேறு. 2001இல் இத்தாலி டொக்டர்மார் 304 நோயாளிகளிடம் இதைப் பரீட்சித்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் ஏழு மணித்தியாலம் குப்புறக் கிடத்தினார்கள். ஒட்சிசன் கூடியது, மரணம் குறையவில்லை. ஆனாலும் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கைவிடவில்லை. நோய் மிகக் கடுமையானவர்களை மட்டும் தெரிந்து, இன்னும் நீண்ட நேரம் கிடத்தினால் என்ன என்று கேட்டார்கள்.

அதற்கு விடை 2013இல் வெளிவந்தது. பிரான்ஸிலும் ஸ்பெயினிலுமாக 466 நோயாளிகள் அந்த ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தனர். யார் குப்புற, யார் மல்லாந்து என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். குப்புறக் கிடத்தப்பட்டவர்களை ஒரே தடவையில் குறைந்தது 16 மணித்தியாலம் அப்படியே வைத்திருந்தார்கள். 28 நாட்களுக்குள் மல்லாந்து கிடந்தவர்களில் நூற்றுக்கு சுமார் 33 பேர் இறந்தனர். குப்புறக் கிடந்தவர்களில் நூற்றுக்கு 16 பேரே இறந்தனர். ஏறக்குறையப் பாதி!

‘உயிர் விஷயத்தில் குலுக்கலா?’ என்று மனம் கூசலாம். எது நல்லது என்று அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. டொக்டர் தன் விருப்பப்படி ஆளைத் தெரிந்தால் உண்மை மறைந்துவிடும். அதனால்தான் குலுக்கல். இது சூதாட்டமல்ல. பிரயாணத்தில் எந்த மனைவியை அழைத்துச் செல்வது என்பதற்கு நபி (ஸல்) அவர்களும் சீட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். பாரபட்சம் நீங்குவதற்கான நீதியான வழி அது.

சகோதரியே, இப்போது அந்தத் தாதியை நினைத்துப் பாருங்கள். உங்கள் கண்ணீருக்கு அவர் இரங்காமலில்லை. இடையில் நிமிர்த்தியிருந்தால் சிகிச்சையின் பலன் குறைந்திருக்கும். வாயில் குழாயோடு மயங்கிக் கிடக்கும் ஒரு மனிதரை, குழாய் கழன்றுவிடாமல் திருப்புவதற்குப் பல பேர் ஒன்றுசேர வேண்டும். அத்தனை கைகள் உங்கள் நாநாவுக்காக உழைத்திருக்கின்றன. முடிந்தால் ஒரு நாள் போய் அவர்களுக்கு நன்றி சொல்லுங்கள்.

‘அப்படியானால் ஏன் பிழைக்கவில்லை?’ என்ற கேள்வி எஞ்சும். அந்த நூற்றுக்கு 16 பேரும் அதே சிகிச்சையைப் பெற்றவர்கள்தான். மருந்து ஒரு காரணம் மட்டுமே. ஷிபா அல்லாஹ்விடமிருந்து வருவது. வைத்தியம் செய்யுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. அதை நீங்கள் நிறைவேற்றினீர்கள். முடிவு உங்கள் கையில் இருக்கவில்லை.

ஏனைய சகோதரிகளுக்கும் இரண்டு வார்த்தை. உங்கள் வாப்பாவோ உம்மாவோ இப்படிக் கிடத்தப்பட்டிருந்தால் திருப்பச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஏன் இப்படி, எத்தனை மணித்தியாலம் என்று டொக்டரிடம் பணிவாகக் கேளுங்கள். பிறகு வெளியே வந்து துஆச் செய்யுங்கள். மற்றது, இதை வாசித்துவிட்டு, மூச்சுத் திணறுபவரை வீட்டிலேயே குப்புறப் போட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

அல்லாஹ் அந்த நாநாவின் கப்றை ஒளிமயமாக்குவானாக! அவருக்காக அழுத சகோதரிக்கு அழகிய பொறுமையைத் தருவானாக! ஆமீன்.