ஒரே இடத்தில், மெல்லிய வெட்டு

தேர்வுக் காலம் நெருங்கினாலே நம் வட்டாரத்தில் தன்முனைப்பு முகாம்கள் களைகட்டத் தொடங்கிவிடும். பெரும்பாலும் ஒருநாள் நிகழ்ச்சிதான். பேச்சாளர் உணர்ச்சி பொங்கப் பேசுவார். விளக்குகள் அணைக்கப்படும். பெற்றோர் பட்ட பாட்டை நினைத்து மாணவர்கள் அழுவார்கள். 'நாளை முதல் தினமும் ஐந்து மணி நேரம் படிப்பேன்' என்று எழுதிக் கையொப்பமும் இடுவார்கள். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எழுதிய அந்த ஐந்து மணி நேரம் புதன்கிழமையைத் தாண்டுவது அபூர்வம். பிறகு, 'எனக்கு மன உறுதி போதாது' என்று மாணவர் தம்மையே நொந்துகொள்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உறுதிமொழியின் அளவுதான் தவறு.

பேராக்கில் வளரும் மாணவர்கள் இதைப் புரிந்துகொள்ள, கோலகங்சார் வரை ஒருமுறை போய்வந்தால் போதும். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பது, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் இல்லத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தத் தொடக்க கால மரங்களில் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது. மரம் வளர்ந்துவிட்டது, அதிலிருந்து பாலை எப்படி எடுப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் ஆங்காங்கே கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்ணாகிப் பாழானது. 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி வேறொரு வழியைக் கண்டார். புதிது புதிதாகக் கொத்தாமல், ஏற்கெனவே வெட்டிய கோட்டின் விளிம்பிலேயே மெல்லிய சீவல் எடுத்தால் போதும். மரம் கெடுவதில்லை. முதல் சில வெட்டுகளுக்குப் பிறகு பாலும் கூடுகிறது.

நம் பாட்டன் பாட்டிமார் கையில் இருந்தது இந்த வித்தைதான். சீவலின் கனம் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர். அவசரப்பட்டு ஆழமாக வெட்டினால் உள்தோல் காயப்பட்டு அந்த இடத்தில் முண்டு கட்டிவிடும். மறுபடி அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. அளவோடு வெட்டினால் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளர்ந்து, அதே இடத்தை மீண்டும் வெட்டலாம். நேரமும் முக்கியம். விடிவதற்கு முன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக இறங்கி மங்கு நிறையும். வெயில் ஏறினால் குறைந்துவிடும்.

ஐந்து மணி நேர உறுதிமொழி என்பது கோடரிக் கொத்து. எஸ்.பி.எம். சான்றிதழ் வேண்டுமானால் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரியும். மலாய்க் கட்டுரை தடுமாறுகிறதா? தினமும் ஒரே ஒரு பத்தி எழுதுங்கள். இரவு உணவுத் தட்டைக் கழுவி வைத்த கையோடு, அதே நாற்காலியில், அதே குறிப்பேட்டில். காய்ச்சல் கண்ட நாளிலும் செய்யக்கூடிய அளவாக அது இருக்க வேண்டும். 'இவ்வளவுதானா?' என்று உங்களுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தால் அளவு சரி.

இருபத்தொரு நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று மேடைகளில் சொல்வார்கள். நம்பி ஏமாற வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரங்கள் கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலம், ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை மாறும் என்று கணக்கிட்டார்கள். நடுத்தர அளவு 66 நாள். அதில் எனக்குப் பிடித்த முடிவு வேறொன்று: இடையில் ஒருநாள் தவறியது, பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. தோட்டங்களிலும் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை பரவலாக இருந்தது. மறுநாள் அதே கோட்டுக்குத் திரும்பினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்து மக்கள் விடியுமுன் எழுந்ததை அவர்களுடைய மன உறுதியாக மட்டும் போற்றுவது அரைகுறை உண்மை. பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. கூலியோ சொற்பம், உதவிக்குப் பிள்ளைகளும் காட்டுக்குப் போனதால் படிப்பு பறிபோன வீடுகள் எத்தனையோ. அந்த நாள் திரும்ப வர வேண்டாம். ஆனால் அந்த லயத்தில் ஒரு வீட்டில் விளக்கு எரிந்தால் அடுத்த வீட்டிலும் எரியும். எல்லாருக்கும் ஒரே கடிகாரம். தோட்டங்கள் கைமாறி, வீடமைப்புப் பகுதிகளாகி, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் பிரிந்தபோது அந்தப் பொதுக் கடிகாரமும் போய்விட்டது. இன்று ஒவ்வொருவர் கையிலும் தனித்தனிக் கைப்பேசி. அதன் கடிகாரம் உங்களைத் தூங்கவும் விடாது, எழவும் விடாது.

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் இந்தக் கூட்டு ஒழுங்கின் பலத்தை அறிந்திருந்தார். வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலம் அது. 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னார். பால்மரம் வெட்டியவர்களுக்கு அந்தப் பத்து வெள்ளியும் பாரம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரும் கட்டினார், எதிர்வீட்டுக்காரரும் கட்டினார். கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம்தான் சங்கம் வாங்கிய முதல் தோட்டம். கூலிக்கு வெட்டியவர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள்.

ஆகவே ஆலய நிர்வாகங்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஒருநாள் முகாமுக்குச் செலவிடும் பணத்தில், மண்டபத்தை ஆண்டு முழுவதும் இரவு எட்டு மணி முதல் ஒன்பது வரை திறந்து வையுங்கள். விசிறி, விளக்கு, நீள மேசை, கூடவே பொறுப்பான ஒருவர் போதும். பேச்சாளர் வேண்டாம். புந்தோங்கிலோ செம்மோரிலோ பத்துப் பிள்ளைகள் தினமும் வந்து உட்கார்ந்தால், பதினோராவது பிள்ளை தானாக வரும். கம்பாரிலும் தஞ்சோங் மாலிமிலும் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள், மண்டபத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அறை நண்பர்கள் மூவர் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.

பள்ளி முடிந்து இரவு பதினொன்று வரை உணவகத்தில் பகுதிநேர வேலை செய்யும் மாணவர்களை நான் மறக்கவில்லை. எட்டு மணிக்கு அவர்களால் மண்டபத்துக்கு வர முடியாது. அவர்களுக்கு வெட்டு நேரம் காலையில்தான்: பேருந்து வரும் வரை நிற்கும் அந்தப் பத்து நிமிடம். சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு தாள், அதில் ஐந்து மலாய்ச் சொற்கள். நாளைக்கு வேறு ஐந்து.