ஆய்வகம் வந்தது, பாடவேளை எங்கே?

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் சிற்றூர்களின் பேருந்து நிலையங்களுக்கு அருகில் உள்ள பிரவுசிங் சென்டர்களைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பொறியியல் கலந்தாய்வானாலும், அரசு கலை, அறிவியல் கல்லூரிச் சேர்க்கையானாலும் விண்ணப்பம் இணையவழியேதான். கணினியின் முன் அமர்ந்திருப்பவர் கடைக்காரர். விண்ணப்பிக்கும் மாணவரோ சான்றிதழ்களைக் கையில் பிடித்தபடி அவருக்குப் பின்னால் நிற்கிறார். மின்னஞ்சல் முகவரியை உருவாக்கித் தருபவர் கடைக்காரர். கடவுச்சொல்லைத் தீர்மானிப்பவரும் அவரே.

எங்கள் தெருவில் உள்ள ஒரு மாணவி இப்படித்தான் விண்ணப்பித்தார். சில வாரங்கள் கழித்துக் கல்லூரியில் இருந்து வந்த கடிதத்தைப் பார்க்க மின்னஞ்சலைத் திறக்க வேண்டியிருந்தது. கடைக்காரர் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தார்; அவருடைய கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. அந்த இரண்டு நாள்கள் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நல்வாய்ப்பாக இடம் பறிபோகவில்லை. இத்தனைக்கும் அந்தப் பெண் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் படித்தவர். கைப்பேசியில் காணொலியை வெட்டி ஒட்டிப் பாடல் சேர்த்துப் பகிரக்கூடியவர். அவருடைய தம்பி அருகில் உள்ள அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான்.

கைப்பேசி தெரிந்த பிள்ளைக்குக் கணினி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. 'அசர்' அமைப்பு 2023-இல் ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயது வரையுள்ளோரிடம் நடத்திய ஆய்வு வேறு சித்திரத்தைத் தருகிறது. தமிழகத்தில் இருந்து பெரம்பலூர் மாவட்டம் இடம்பெற்ற அந்த ஆய்வின்படி, ஏறத்தாழ 90 சதவீத வீடுகளில் திறன்பேசி இருக்கிறது. கணினியோ மடிக்கணினியோ இருப்பது சுமார் 9 சதவீத வீடுகளில்தான். திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுள் தமக்கென ஒன்றை வைத்திருக்கும் ஆண்பிள்ளைகள் 43.7 சதவீதம், பெண்பிள்ளைகள் 19.8 சதவீதம். வீட்டை மட்டும் நம்பிவிட்டால் யார் பின்தங்குவார்கள் என்பதை இந்த எண்களே காட்டிவிடுகின்றன.

கைப்பேசி, பயன்படுத்துபவரைச் சிந்திக்க விடாமல் வேலையை முடித்துத் தருவதற்காக வடிவமைக்கப்பட்ட கருவி. எடுத்த படம் எந்த இடத்தில் சேமிக்கப்படுகிறது என்பதைக்கூட அது சொல்வதில்லை. ஆனால், கல்லூரியும் அலுவலகமும் கேட்பது வேறு: ஒரு கோப்புக்குப் பெயரிட்டு உரிய கோப்புறையில் வைப்பது, அதை மீண்டும் தேடி எடுப்பது, குறிப்பிட்ட அளவுக்குள் சுருக்கி இணைப்பது, பத்து விரல்களாலும் தட்டச்சு செய்வது, ஒரு அட்டவணையில் கூட்டுத்தொகை வரவைப்பது. வங்கிப் பணிகளுக்கும் ரயில்வே பணிகளுக்கும் போட்டித் தேர்வுகள் கணினியில்தான் நடக்கின்றன. சுட்டியைப் பிடித்தே பழகாத கை அங்கே வினாத்தாளோடு மட்டும் போராடுவதில்லை.

நமக்கு இந்தக் கவலை புதிதல்ல. 1984-இலேயே மத்திய அரசு, பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொண்டு பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2011-இல் தமிழக அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பிற மாநிலங்கள் திரும்பிப் பார்த்த திட்டம் அது. பல ஆண்டுகள் தடைபட்டிருந்த அந்த ஏற்பாடு, 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கான திட்டமாக மறுபிறவி எடுத்தது. இரண்டையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பள்ளிப் படிப்பின் இறுதிக் கட்டத்தில் கிடைத்த கருவி இப்போது கல்லூரிக்கு நகர்ந்திருக்கிறது. கற்க வேண்டிய வயதோ கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020, நடுநிலை வகுப்புகளிலேயே நிரலாக்கத்தை அறிமுகப்படுத்தச் சொல்கிறது. அக்கொள்கையை ஏற்காத தமிழகமும் இந்த ஒரு விஷயத்தில் அதே வயதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது; ஆறாம் வகுப்பு முதல் செயற்கை நுண்ணறிவு, ரோபோட்டிக்ஸ், இணையக் கருவிகள் ஆகியவற்றைக் கற்பிக்கும் 'டிஎன் ஸ்பார்க்' திட்டம் அதற்குச் சான்று.

கருவிகளும் வந்துவிட்டன. முதலில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும், அண்மை ஆண்டுகளில் நடுநிலைப் பள்ளிகளிலும் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. குளிர்சாதன வசதி, இணைய இணைப்பு, புதிய கணினிகள் என்று அந்த அறைகள் உண்மையிலேயே கண்ணைக் கவர்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன்பு அரசுப் பள்ளியில் படித்தவர்கள் பொறாமைப்படலாம்.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு வகுப்பில் 40 மாணவர்கள், ஆய்வகத்தில் 10 கணினிகள், வாரத்துக்கு ஒரு பாடவேளை என்று கொள்வோம். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் வரிசையாகச் சென்று அமர்ந்து, கணினியை இயக்கி, கடவுச்சொல் இட்டு உள்நுழையப் பத்து நிமிடங்கள் போய்விடும். மீதமுள்ள 35 நிமிடங்களை நான்கு பேர் பங்கிட்டால், ஒரு பிள்ளையின் விரல்கள் விசைப்பலகையைத் தொடுவது ஒன்பது நிமிடங்களுக்கும் குறைவு. ஆண்டுக்கு 30 வாரங்கள் தவறாமல் வகுப்பு நடந்தாலும் நான்கரை மணி நேரத்தைத் தாண்டாது. நான்கரை மணி நேரத்தில் சைக்கிள் கற்றுக்கொள்ளலாம். கணினி கற்க முடியாது. அந்த ஒரு பாடவேளையும் உறுதியாகக் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை என்பதுதான் அடுத்த சிக்கல். இணையவழி மதிப்பீட்டுத் தேர்வுகள் இதே அறையில்தான் நடக்கின்றன. கல்வித் தகவல் மேலாண்மைத் தளமான 'எமிஸ்' பதிவேற்றங்களும் இதே கணினிகளையும் இதே பணியாளர்களையும் நம்பியிருக்கின்றன. கற்பதற்காக உருவான அறை மெல்ல மெல்லக் கணக்கு எழுதும் அறையாக மாறிவிடுகிறது.

யார் கற்பிப்பது என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழிகள் ஆகியவற்றுக்கு ஆசிரியர்களைக் கட்டாயமாக்குகிறது. மாணவர் எண்ணிக்கை நூறைத் தாண்டினால் கலை, உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. கணினி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. இந்த ஏற்பாட்டின்கீழ்தான் 2012-இல் தமிழகத்தில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர்; ஓவியம், தையல், இசை, உடற்கல்வியோடு கணினிக்கும் அவர்களில் ஒரு பகுதியினர் வந்தனர். வாரத்தில் மூன்று அரை நாள்கள் வேலை. மாதம் 5,000 ரூபாய். பல போராட்டங்களுக்குப் பிறகு அது படிப்படியாக 12,500 ரூபாயானது. மே மாதத்துக்கு ஊதியம் இல்லை என்பது அவர்களின் நெடுநாள் மனக்குறையாக இருந்தது. பணி நிரந்தரம் என்ற வாக்குறுதி தேர்தல்தோறும் வந்து போகிறது. மாநிலத்தின் எதிர்காலமே செயற்கை நுண்ணறிவில் இருக்கிறது என்று மேடையில் முழங்கும் நாம், அதன் அரிச்சுவடியைக் கற்பிப்பவருக்குப் பல ஆண்டுகள் மே மாதச் சம்பளம் தரவில்லை. நூறு பிள்ளைகள் இல்லாத சிறு நடுநிலைப் பள்ளிகளுக்கோ இந்த அரை நாள் ஆசிரியருக்குக்கூடச் சட்டப்படி உரிமையில்லை. ஊரகத்தில் அத்தகைய பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை.

அண்டை மாநிலமான கேரளத்தின் அனுபவம் இங்கே பயன்படும். 2001-இல் 'ஐடி@ஸ்கூல்' என்ற பெயரில் தொடங்கிய முயற்சி, 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. அங்கு உயர்நிலை வகுப்புகளுக்குத் தனிக் கணினி ஆசிரியர்களை நியமிப்பதைவிட, ஏற்கெனவே பணியில் உள்ள பாட ஆசிரியர்களைத் தொடர்ந்து பயிற்றுவிக்கும் வழியையே தேர்ந்தெடுத்தார்கள். மலையாள ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் கணினி வகுப்பு எடுக்கிறார்கள். பாடநூல் உண்டு, கால அட்டவணையில் இடம் உண்டு, செய்முறைத் தேர்வும் உண்டு. கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்துவதால் உரிமக் கட்டணச் சுமையும் இல்லை. இத்தனை அடித்தளம் இருந்த பிறகே, 2024-இல் ஏழாம் வகுப்புப் பாடநூலில் செயற்கை நுண்ணறிவைச் சேர்த்தார்கள். முகத்தின் உணர்ச்சிகளை அடையாளம் காணும் ஒரு சிறு நிரலை மாணவர்களே உருவாக்கும் பயிற்சி அதில் இருக்கிறது. ஏறத்தாழ கால் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் வந்து சேர்ந்த இடத்திலிருந்து நாம் தொடங்க முனைகிறோம்.

அங்குள்ள வழியை அப்படியே இங்கு எடுத்துக்கொள்ள முடியுமா என்ற ஐயம் நியாயமானது. தமிழகத்தில் கணினி அறிவியலில் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்று வேலையின்றிக் காத்திருப்போர் ஏராளம். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு, ஏற்கெனவே பணிச்சுமையில் தவிக்கும் கணித ஆசிரியரின் தோளில் இதையும் ஏற்றுவது எளிதில் ஏற்கத்தக்கதல்ல. பயிற்சி பெற்ற பாட ஆசிரியர் பள்ளிதோறும் ஒருவர், இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் பொதுவாக முழுநேரக் கணினி ஆசிரியர் ஒருவர் என்ற இடைவழி நடைமுறைக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், இந்தப் பாடத்துக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் பள்ளியில் ஒருவர் கைதூக்க வேண்டும். இன்று அப்படி யாரும் இல்லை.

எதைக் கற்பிப்பது என்பதில் எனக்கு ஒரு சார்பு உண்டு: முதலில் தமிழில் தட்டச்சு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 விசைப்பலகை, 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகளில் மொழி முழுவதையும் அடக்கிவிடுகிறது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்யெழுத்துகள் வலக்கையில். ககரத்தை அடுத்து இகரத்தைத் தட்டினால் 'கி' வரும். முதல் வகுப்பில் கற்ற உயிர்மெய் இலக்கணம் விரல் நுனியில் இயங்குவதைப் பிள்ளை பார்க்கும். பதினொரு வயதில் சில வாரங்களில் பழகிவிடலாம். அரசு தரப்படுத்திய இந்த முறையை அரசுப் பள்ளியே கற்பிக்காததால், ஆங்கில எழுத்துகளில் தமிழை ஒலிபெயர்த்து எழுதும் தலைமுறை உருவாகிவிட்டது. இதில் தமிழாசிரியருக்கும் பங்கு உண்டு. ஒரு கட்டுரைப் பயிற்சியைத் தாளுக்குப் பதில் கணினியில் எழுதச் சொன்னால் போதும், தனிப் பாடவேளைகூடத் தேவையில்லை.

அடுத்து, கோப்புகளைக் கையாளுதல், தேடிக் கிடைத்த செய்தியைச் சரிபார்த்தல், கடவுச்சொல்லைக் காத்தல். ஓடிபி எண்ணை ஏன் யாரிடமும் சொல்லக் கூடாது என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளை புரிந்துகொண்டால், அந்த வீட்டில் நூறு நாள் வேலைக் கூலியை வங்கிக் கணக்கில் பெறும் பாட்டிக்கும் அது பாதுகாப்பு. நிரலாக்கமும் செயற்கை நுண்ணறிவும் வேண்டாம் என்பதல்ல. சாட்ஜிபிடியிடம் வீட்டுப்பாடம் கேட்கும் வழி பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். அது தந்த விடை சரியா என்று பார்க்கும் பயிற்சியை அவர்களுக்கு யாரும் தரவில்லை.

செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதிக்குப் புதிய கட்டடமோ கொள்முதலோ தேவையில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒட்டப்படும் கால அட்டவணையில், 6 முதல் 8 வகுப்புகளுக்கு வாரம் இரண்டு கணினிப் பாடவேளைகள் அடுத்தடுத்து இடம்பெற வேண்டும். உள்நுழையும் நேரம் ஒருமுறையோடு போகும். எமிஸ் பணியை அந்த நேரத்தில் ஆய்வகத்தில் செய்யக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வேண்டும். பகுதிநேர ஆசிரியர்களின் பணிநிலைக்கு நிதித் துறையின் முடிவு வேண்டும். செலவு பிடிக்கும் ஒரே இனம் அதுதான் என்பதால், அதுவே கடைசிவரை தள்ளிப்போகும் என்ற அச்சமும் இருக்கிறது.

எங்கள் தெருப் பெண்ணின் தம்பியிடம் அவனுடைய பள்ளி ஆய்வகத்தைப் பற்றி அண்மையில் கேட்டேன். ஏசி இருக்கிறது, நன்றாக இருக்கும் என்றான். இந்த ஆண்டில் இரண்டு முறை உள்ளே போயிருக்கிறானாம். இரண்டு முறையும் தேர்வு எழுதுவதற்காக.