விளையாட்டு வினையானது ஏன்?

விபத்து ஒன்று நடந்துவிட்டால், “விளையாட்டு வினையாயிற்று” என்று ஒரு வார்த்தை சொல்லிக் கதையை முடித்துவிடுவது பலருக்கு வழக்கம். விதி என்பார்கள், போதாத காலம் என்பார்கள். அமெரிக்காவில் கான்ஸாஸ் சிட்டி நகரத்தில் இருந்த ஒரு தண்ணீர் விளையாட்டுப் பூங்காவின் கதையை வாசகர்கள் முன் வைக்கிறோம். அங்கே வினையாகியது விளையாட்டா, வியாபாரமா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் கேளிக்கைக்கு விரோதிகள் அல்லர். வாரமெல்லாம் உழைத்தவன், விடுமுறை நாளில் மனைவி மக்களோடு தண்ணீரில் இறங்கிக் கூத்தாடுவது அவனது உரிமை. அந்த உரிமையைக் காசாக்குகிறவர்கள் அவன் உயிருக்கு என்ன உத்தரவாதம் தருகிறார்கள் என்பதே நமது கேள்வி.

ஆற்றங்கரையில் பிறந்த பூங்கா

டெக்ஸாஸ் மாநிலத்தில் நியூ பிரான்பெல்ஸ் என்று ஓர் ஊர். 1845ல் ஜெர்மானியக் குடியேறிகள் அமைத்தது. ஊற்றுகளிலிருந்து பெருகும் கோமல் நதி அந்த ஊரிலேயே பிறந்து ஓடுகிறது. இந்த ஆற்றங்கரையில் இருந்த விடுதி ஒன்றை 1966ல் ஹென்றி தம்பதிகள் வாங்கினார்கள். 1979ல் அங்கே ‘ஷ்லிட்டர்பான்’ என்ற பூங்காவைத் திறந்தார்கள். ஜெர்மன் மொழியில் சறுக்குப் பாதை என்று பொருள். ஜெர்மனியில் உள்ள கோட்டை ஒன்றின் கோபுரத்தை மாதிரியாகக் கொண்டு ஒரு கோபுரம். அதிலிருந்து இறங்கும் சறுக்குத் தடங்கள். அவற்றில் பாய்வதற்கு ஆற்றுத் தண்ணீர்.

ஜனங்களுக்கு அந்தப் பூங்கா பிடித்துப் போனதில் வியப்பில்லை. அந்நாளில் வண்டி நிறுத்தக் கட்டணம் இருக்கவில்லை. மிதக்கும் ரப்பர் டியூப்புக்கு வாடகை இருக்கவில்லை. வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவந்து மரநிழலில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. 1990களில் புதுமைகள் பல வந்தன. நின்ற இடத்திலேயே அலைமீது சறுக்கும் சாதனம் ஒன்று. தண்ணீரை விசையோடு பீய்ச்சித் தோணியை மேட்டின்மேல் ஏற்றும் தடம் மற்றொன்று. தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும் என்பதை மாற்றிக் காட்டிய இந்த உழைப்பையும் அறிவையும் நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் மூலதனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2001ல் ஒரு கடற்கரைத் தீவில், 2006ல் கால்வெஸ்டன் துறைமுக நகரத்தில், 2009ல் கான்ஸாஸ் சிட்டியில் என்று கிளைகள் முளைத்தன. போட்டி வந்தது, போட்டியோடு ‘உலகத்திலேயே பெரியது’ என்ற விளம்பர வெறியும் வந்தது.

பைத்தியம் என்று பெயர் வைத்தார்கள்

கான்ஸாஸ் சிட்டியில் 168 அடி 7 அங்குல உயரத்தில் ஒரு சறுக்கு கட்டினார்கள். பதினேழு மாடி உயரம். ஏறுவதற்கு 264 படிகள். பெயர் ‘வெர்ரூக்ட்’. ஜெர்மன் மொழியில் பைத்தியம் என்று பொருள்! மூன்று பேர் உட்காரும் ரப்பர் தோணி அந்த உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கி, எதிரே உள்ள ஒரு மேட்டின்மேல் ஏறி, மறுபுறம் இறங்க வேண்டும்.

ஆபத்து அந்த மேட்டில்தான் இருந்தது. வேகம் கூடினால், மேட்டின் உச்சியில் தோணி தடத்தை விட்டு ஆகாயத்தில் எழும்பிவிடும். இது பின்னால் கண்டுபிடித்த விஷயமல்ல. 2014ல் திறப்பதற்கு முன்பே மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தபோது, மூட்டைகள் பறந்து விழுந்தன. திறப்பு விழா தள்ளிப்போயிற்று. தடத்தின் ஒரு பகுதியை இடித்துத் திரும்பக் கட்டினார்கள். மேலே இரும்பு வளைவுகள் நட்டு வலை கட்டினார்கள். மூவரின் மொத்த எடை 400 முதல் 550 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஆட்களைத் தோணியில் இருத்தியவை, இழுத்து ஒட்டும் நைலான் பட்டைகள்! 2014 ஜூலை 10ந் தேதி சறுக்கு திறக்கப்பட்டது.

2016 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை. அன்று சட்டசபை உறுப்பினர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் பூங்காவில் இலவச அனுமதி. உறுப்பினர் ஒருவரின் பத்து வயது மகன் இரண்டு பெண்களோடு தோணியில் இறங்கினான். மேட்டின் உச்சியில் தோணி எழும்பியது. சிறுவன் வலையைத் தாங்கிய இரும்பில் மோதி உயிர் இழந்தான். கூட இருந்த பெண்கள் இருவரும் காயமடைந்தனர்.

பாதுகாப்புக்காகக் கட்டிய இரும்பே பாலகனைக் கொன்றது. பெற்றோரின் துயரத்துக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை ஏது?

சோதித்தவர் யார்?

இந்த ராட்சதச் சறுக்கைச் சர்க்கார் சோதித்ததா? கான்ஸாஸ் மாநிலத்தில் அன்றிருந்த சட்டப்படி, பூங்கா அமர்த்தும் தனியார் ஆய்வாளரே ஆண்டுச் சோதனையைச் செய்யலாம். அந்தச் சோதனைத் தாள்களைச் சர்க்கார் இலாகா எப்போதாவது எடுத்துப் பார்க்கும். அவ்வளவுதான். பரீட்சை எழுதுகிறவனே வாத்தியாரைப் பொறுக்கி எடுக்கும் ஏற்பாடு இது!

மத்திய சர்க்காரின் நிலை இன்னும் விசித்திரம். ஊர் ஊராகச் செல்லும் திருவிழா ராட்டினத்தை விசாரிக்க நுகர்பொருள் பாதுகாப்புக் கமிஷனுக்கு அதிகாரம் உண்டு. ஒரே இடத்தில் நிலைபெற்ற பெரிய பூங்காக்களின் சாதனங்களை அதன் அதிகாரத்திலிருந்து 1981ல் அமெரிக்கக் காங்கிரஸ் விலக்கிவிட்டது. இந்த ஓட்டையை அடைக்க எட்வர்ட் மார்க்கி என்ற உறுப்பினர் பலமுறை மசோதா கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. சிறு ராட்டினக்காரனுக்குக் காவல், கோடீசுவரனுக்கு விலக்கு! சட்டம் யார் பக்கம் சாய்ந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கூண்டில் ஏறியவர் யார்?

2018 மார்ச்சில் கம்பெனியின் மீதும் சறுக்கை உருவாக்கியவர்கள் மீதும் வழக்குப் பதிவாயிற்று. தொலைக்காட்சிக்காரர்களைக் கவர்வதற்காக அவசரமாகக் கட்டினார்கள். உருவாக்கிய முக்கியஸ்தர்கள் இருவருக்கும் பொறியியல் தகுதி இல்லை. முன்பே பலர் காயமடைந்தும் அறிக்கைகள் மறைக்கப்பட்டன என்பவை குற்றச்சாட்டுகள். 2019 பிப்ரவரியில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். குற்றம் சாட்டிய குழுவிடம் காட்டத் தகாத சான்றுகளைக் காட்டிவிட்டார்கள் என்பது காரணம். ஆகவே அந்தக் குற்றச்சாட்டுகள் உண்மையா, பொய்யா என்று விசாரணையில் நிலைநாட்டப்படவே இல்லை.

அப்படியானால் விசாரணையை உண்மையில் சந்தித்தவர்கள் யார்? பராமரிப்புத் தொழிலாளிகள் இருவர்! புலனாய்வுக்குத் தடை செய்தார்கள் என்று அவர்கள்மேல் வழக்கு. 2018 அக்டோபரில் ஜூரிகள் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தார்கள். திட்டம் போட்டவன் விசாரணைக் கூண்டுக்கு வரவில்லை. ஸ்பானர் பிடித்தவன் வந்து நின்றான்.

சிறுவனின் குடும்பத்துக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்கப்பட்டது. 2018 நவம்பரில் சறுக்கு இடிக்கப்பட்டது. கான்ஸாஸ் பூங்கா அந்த ஆண்டுக்குப் பின் திறக்கவேயில்லை. நியூ பிரான்பெல்ஸ், கால்வெஸ்டன் பூங்காக்களை 2019ல் சீடர் ஃபேர் என்ற பெரிய கம்பெனி 26 கோடி டாலருக்குமேல் கொடுத்து வாங்கியது. ஆற்றங்கரைக் குடும்பத்தின் பூங்கா, பெரிய மூலதனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

நாம் சொல்வது

2017ல் கான்ஸாஸ் சட்டம் திருத்தப்பட்டது. தகுதி பெற்ற ஆய்வாளர் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். பலத்த காயங்களை அரசுக்கு அறிவிக்க வேண்டும். மகனை இழந்த அந்தத் தந்தையே சபையில் எழுந்து இதற்கு ஆதரவாகப் பேசினார். இதை வரவேற்கிறோம். ஆயினும் ஒரு கேள்வி நம் நெஞ்சை அறுக்கிறது. மாண்டது ஒரு சாதாரணத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையாக இருந்தால், சட்டசபை இவ்வளவு வேகமாக எழுந்திருக்குமா?

விபத்து நடந்தால் வியாபாரம் கெடும். ஆகவே முதலாளியே ஜாக்கிரதையாக இருப்பான் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. மணல் மூட்டைகள் பறந்ததைப் பார்த்த பிறகும் அந்தச் சறுக்கு திறக்கப்பட்டதே, அது ஒன்றே இதற்குப் பதில். ஆய்வுச் செலவால் டிக்கெட் விலை ஏறும் என்பார்கள். விளம்பரச் செலவால் ஏறும்போது மட்டும் அவர்களுக்கு வாய் அடைத்துப் போவது ஏன்?

நாம் கேட்பது மூன்றே. பூங்காவிடம் சம்பளம் வாங்காத ஆய்வாளர் சோதிக்க வேண்டும். சிறு காயமானாலும் ஊழியர் எழுதும் அறிக்கை மக்கள் பார்வைக்கு வர வேண்டும். ஆபத்து என்று கண்டால் சாதனத்தை அங்கேயே நிறுத்தும் அதிகாரம், வேலை போகும் என்ற பயமில்லாமல், அதை ஓட்டும் தொழிலாளிக்கு இருக்க வேண்டும்.

குழந்தைகள் சறுக்கி விளையாடட்டும், கூவிக் களிக்கட்டும். அவர்கள் ஏறும் 264 படிகளுக்கும் முன்னால், சோதனை செய்தவனின் கையெழுத்து இருக்கட்டும். அந்தக் கை முதலாளியின் கையாக இருக்கக் கூடாது.