பெறுபவரும் பங்காளரே

சமூகப்பணி படித்துவிட்டுத் தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளைப் பார்த்து, "சேவை செய்வதற்குமா சம்பளம்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. பனவடலிசத்திரம் பகுதியிலுள்ள நாம் இதற்கு விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் தென்காசி மாவட்டத்திலேயே ஆய்க்குடி இருக்கிறது.

ஆய்க்குடியைச் சேர்ந்த ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கலந்துகொண்டார். அங்கே கீழே விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். ஐ.நா. அவை 1981-ஐ உடல் ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில், தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் அமர் சேவா சங்கத்தை அவர் தொடங்கினார். தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்த பட்டயக் கணக்காளர் சங்கரராமன் 1992-இல் அவரோடு இணைந்தார். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உதவி தேவைப்பட்டவர்களே உதவியை ஒழுங்குபடுத்துபவர்களாக மாறினார்கள். அரசும், நன்கொடையாளர்களும், வெளிநாட்டு நண்பர்களும் பிறகு வந்து கைகோத்தார்கள். வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்க, கிராமத்துப் பணியாளர்கள் அவர்களின் வீடு தேடிச் செல்கிறார்கள். தாயும் தந்தையும் அப்பயிற்சியைக் கற்றுக்கொள்கிறார்கள். பணம் கொடுப்பவர், நிபுணர், பணியாளர், பெற்றோர் என நான்கு தரப்பையும் இணைத்து, கணக்கும் அறிக்கையும் தவறாமல் நடத்துவது தேர்ச்சி தேவைப்படும் தொழில். அதற்குரிய ஊதியம் நியாயமானதே.

ஆனால் இத்தொழில் இன்று நெருக்கடியில் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் செய்யப்பட்ட திருத்தம், ஒரு நிறுவனம் தான் பெறும் வெளிநாட்டு நிதியை மற்றொரு நிறுவனத்திற்கு வழங்குவதைத் தடை செய்தது. பெரிய அமைப்புகள் வழியாக நிதி பெற்றுவந்த சிறு கிராமக் குழுக்களுக்கு அந்த வழி அடைபட்டது. நிர்வாகச் செலவுக்கான வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. 2025-இல் அமெரிக்க அரசு யுஎஸ்எய்டு என்ற தன் உதவி நிறுவனத்தை மூடியபோது, உலகின் பல நாடுகளில் மருத்துவப் பணிகளும் உணவுத் திட்டங்களும் நிலைகுலைந்தன.

உள்நாட்டில் 2014 முதல், பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும், தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரும்படி அச்சட்டம் நிறுவனங்களுக்குச் சொல்கிறது. அப்படியானால், ஆலைகள் குறைந்த மானாவாரிக் கிராமங்களுக்கு அந்தப் பணம் எப்படி வந்து சேரும்? நம் ஊரின் தேவையை அவர்களிடம் எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தால் மட்டுமே வரும். ஆகவேதான் இப்பணிக்குப் பயிற்சி பெற்ற நம் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள்.

கொடுப்பவரின் நிதியாண்டு மார்ச் மாதத்தோடு முடிகிறது. நடக்க இயலாத குழந்தையின் தேவை அப்படி முடிவதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப உள்ளூரின் கை வேண்டும். நமது பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது, அன்பியங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை அரிசியும் சேலையும் வழங்கி நிழற்படம் எடுத்துக்கொள்வதோடு நம் கடமை நிறைவடைந்துவிடுமா? எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு என்ன தேவை என்று அந்தத் தாயிடமே முதலில் கேட்போம். அவரையும் நம்மோடு அமர்த்திக்கொண்டு திட்டமிடுவோம். சிறு தொகையானாலும் மாதந்தோறும் தவறாமல் கொடுப்போம். கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வைப்போம்.

உதவி பெறுபவரைப் பங்காளராக ஏற்கும் இடத்தில்தான் அறப்பணி நிலைத்து நிற்கும். சிந்திப்போம், செயல்படுவோம்.